வெங்காய ஊரா, நெல்லு ஊரா?

கொழும்பு வெள்ளவத்தையில் சின்ன வெங்காயம் வாங்கும்போது யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண் நினைவுக்கு வரும். அரிசி வாங்கும்போது கிளிநொச்சி. பென்சன் எடுத்தபின் பயிர் செய்யப் போவதென்றால் இந்த இரண்டில் எது?

உரும்பிராயில் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நீரைக் கிணற்றால் இறைத்துத்தான் தோட்டம். காணியைப் பரப்பில் அளப்பார்கள். 16 பரப்பு சேர்ந்தால் 1 ஏக்கர். அந்தச் சின்னத் துண்டிலேயே வெங்காயம், மிளகாய், புகையிலை என்று மாறி மாறி நடுவார்கள். பசளை கூடி, குடாநாட்டுக் கிணறுகளில் நைட்ரேட் ஏறியதுதான் பெருங்குறை.

கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்தின் கீழே ஏக்கர் கணக்கில் வயல். காலபோகம் (மாரிகால நெல்) மழையை நம்பியே விளைந்துவிடும். சிறுபோகத்துக்கு (கோடைகால நெல்) குளத்து நீர்மட்டத்தைப் பார்க்கவேண்டும்.

பென்சன் எடுத்து ஊர் திரும்பும் கொழும்புக்காரருக்கு நான் உரும்பிராயைத்தான் சொல்வேன், தண்ணீரைச் சோதித்துவிட்டு. வயல் ஆசை விடாதவர்கள் (உழவு இயந்திரமும் ஆளும் கைவசம் இருந்தால்) கிளிநொச்சிக்குப் போகட்டும்.