தவக்காலத்துக்குக் கூகுள் கலண்டர் சரிவருமா?

வெள்ளி சிலுவைப்பாதை (இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் வழிபாடு), அன்பியக் (அயல் குடும்பங்களின் சிறு குழு) கூட்டம், விவிலியப் பகிர்வு, பாடகர் குழாமின் பயிற்சி, திருப்பாடுகளின் காட்சிக்கு ஒத்திகை, மடு மாதா கோவில் யாத்திரை. கத்தோலிக்கப் பங்குப் பணியில் நிற்கும் குடும்பத்துக்கு, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்தில் எல்லாம் ஒன்றாக வந்து விழும். வன்னியில் காலபோக (பெரும்போக) நெல் அறுவடையும் அதே கிழமைகளில்தான். இத்தனையையும் சமாளிக்கக் காசில்லாமல் கிடைக்கும் கூகுள் கலண்டர் போதுமா என்றால், போதும். ஆனால் அதை வந்தபடியே விட்டால் காலை வாரும்.

முதலில் திகதி. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனை ‘ஆண்டுதோறும்’ என்று போடக்கூடாது. 2026 இல் அது பெப்ரவரி 18, 2027 இல் பெப்ரவரி 10. உயிர்த்த ஞாயிறிலிருந்து 46 நாள் பின்னுக்கு எண்ணி வருகிற நாள் அது. நீங்கள் போட்ட திகதியை அப் தானாக நகர்த்தாது. சிலுவைப்பாதைக்கு ‘வாராந்தம், வெள்ளி’ என்று தெரிந்து முடிவுத் திகதியும் கொடுங்கள். 2027 க்கு அது மார்ச் 19. கொடுக்காவிட்டால் பெரிய வெள்ளியிலும் அதே மாலை நேரம் நிற்கும், பாஸ்கா (உயிர்ப்பு விழா) முடிந்த பிறகும் வெள்ளிதோறும் போன் கத்தும்.

அந்த மார்ச் 19 புனித யோசேப்பு பெருவிழாவும்கூட. பெருவிழா என்பதால் அன்று சுத்தபோசனக் (இறைச்சி தவிர்க்கும்) கடமை இல்லை. பூசையும் சிலுவைப்பாதையும் எத்தனை மணிக்கு என்று சுவாமியிடம் (பங்குக் குருவிடம்) கேட்டு, அந்த ஒரு நாளை மட்டும் திருத்துங்கள். சேமிக்கும்போது ‘எல்லா நிகழ்வும்’ என்பதைத் தட்டினால் ஆறு வெள்ளியும் மாறிவிடும். பரிசுத்த வாரத்தை ஒவ்வொன்றாகக் கையால் போடுவதே நல்லது. பாஸ்கா திருவிழிப்பு நள்ளிரவைத் தாண்டுமென்றால் முடிவுத் திகதியை அடுத்த நாளாக்க மறக்க வேண்டாம்.

அடுத்தது நேரம். நினைவூட்டல் வழக்கமாக 30 நிமிடம் முன்னதாக வரும். வயலில் நிற்கிறவர் வீட்டுக்கு வந்து, குளித்து உடுத்து, மோட்டார் சைக்கிளில் கோவிலடிக்குப் போக அது காணாது. முதல்நாள் இரவு ஒன்று, 2 மணித்தியாலம் முன்னுக்கு ஒன்று என இரண்டு வையுங்கள். போய்வரும் நேரத்தையும் தனி நிகழ்வாகப் போடுங்கள். 4.30 க்கு முடியும் மறைக்கல்வி ஆசிரியர் கூட்டமும் 5 மணி ஒத்திகையும் உண்மையில் முட்டுகின்றன என்பது அப்போதுதான் திரையில் தெரியும்.

அறுவடை மெசின் எப்போது நம் வயலுக்கு வரும் என்று யாரும் மணி சொல்லமாட்டார்கள். அதனால் அறுவடையையும் நெல் காயவிடும் நாட்களையும் ‘முழுநாள்’ நிகழ்வாக மூன்று நான்கு நாளுக்கு நீட்டிப் போடுங்கள். திரையின் மேலே பட்டையாக நிற்கும், ஒத்திகைக்கு ஒப்புக்கொள்ளுமுன் கண்ணில் படும். இந்த அப்பில் மிகவும் பிடித்த வசதி இதுதான்.

குடும்பத்துக்கென ‘தவக்காலம்’ என்று தனிக் கலண்டர் ஒன்றைக் கணினியில் உருவாக்கி, ஊதா நிறம் கொடுத்து, மற்றவர்களின் ஜிமெயிலுக்குப் பகிருங்கள். பார்க்க மட்டுமல்ல, மாற்றவும் அனுமதி கொடுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் ஏற்கெனவே பதிந்தவை தெரியும், ஆனால் பிறர் செய்த மாற்றம் டேட்டா வந்த பிறகே வந்து சேரும். ஆகவே ஒத்திகை நேரம் மாறினால் கோல் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

மாதப் பார்வை தமிழுக்குச் சரியில்லை. நீண்ட தலைப்புகள் பாதியில் வெட்டுப்படும். 3 நாள் பார்வையை வைத்து, ‘சி.பாதை’, ‘அன்பியம்’ என்று சுருக்கி எழுதலாம். ஸ்மார்ட் போன் இல்லாத மூத்தவர்களுக்குக் கோவில் அறிவித்தல் பலகையில் ஒட்டும் தாளை விட்டால் வேறு வழி இல்லை.

பெரிய குறை ஒன்று: ஒரே மாலையில் மூன்று கூட்டம் போட்டாலும் இது தடுக்காது. எதை விடுவது என்று நாம்தான் முடிவெடுக்க வேண்டும். அன்பியத்தில் விவிலியப் பகிர்வு நடக்கிறதென்றால், அதே வாசகத்துக்கு இன்னொரு குழுவில் சேரத் தேவையில்லை. செவ்வாயோ புதனோ ஒரு மாலையை ‘வீட்டுச் செபம்’ என்று வாராந்த நிகழ்வாக முதலிலேயே போட்டுவிட்டு, மற்றக் கூட்டங்களை அதற்குப் பிறகு பதியுங்கள்.