ஜெனரேட்டர் வாங்கினால், கையெழுத்துப் போடும் முன் வண்டியில் ஏறிப் பாருங்கள்

மழை தொடங்கிவிட்டது. டெல்டா பக்கம் ஜெனரேட்டர் வாங்க ஆட்கள் கடை ஏறும் காலம் இது. எங்கள் வீட்டுக்கு நடந்தது இன்னொரு வீட்டுக்கு நடக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. பட்டுக்கோட்டை பக்கத்து எங்கள் ஊரில் தென்னை சாயாத கொல்லை கிடையாது. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் இல்லை, தண்ணீரும் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் வீடு வீடாக வந்து தொட்டி நிரப்பிவிட்டு மணிக்கணக்குப் போட்டுக் காசு வாங்கினார்கள். பத்து நாள் பார்த்துவிட்டு, தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து பணம் போட்டோம். அப்பாவும் தம்பியும் தஞ்சாவூர் போனார்கள்.

கடை பெயரைச் சொல்லப் போவதில்லை. 5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர், எண்பது கிலோவுக்கு மேல் எடை. வழக்கமான விலையைவிட எட்டாயிரம் அதிகம். "வீட்டு வாசல்ல பத்திரமா இறக்கித் தர்றது எங்க பொறுப்புங்க" என்று சொல்லி அதற்குத் தனியாகவும் வாங்கிக்கொண்டார்கள். அப்பா கொடுத்துவிட்டார். தண்ணீருக்குத் தவிக்கும்போது யார்தான் பேரம் பேசுவார்கள்?

ஓட்டிக் காட்டுகிறோம் என்று பெட்ரோல் ஊற்றிக் கால் மணி நேரம் ஓடவிட்டார்கள். டேங்கில் முக்கால் பங்குக்கு மேல் பெட்ரோல் இருக்கும்போதே, சைலன்ஸர் சூடு ஆறுவதற்குள் குட்டி யானையில் ஏற்றினார்கள். வண்டியில் வேறு ஊருக்குப் போகும் சிமெண்ட் மூட்டைகளும் இருந்தன. நிற்க வைத்தால் ஆடும் என்று ஜெனரேட்டரைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். அடியில் விரித்தது அது வந்த அட்டைப்பெட்டியைத்தான். இரண்டு அம்புக்குறி மேல்நோக்கிப் போட்டு 'இந்தப் பக்கம் மேலே' என்று அச்சடித்திருக்கும் அதே பெட்டி! கயிற்றைக் கைப்பிடியில் ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டதோடு சரி. "தம்பி, நீங்க பின்னால உக்காந்து ஒரு கை பிடிச்சுக்குங்க" என்றார் டிரைவர். மழை தூறியதால் மேலே தார்ப்பாயும் போட்டார்.

தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது.

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு வழியாக ஐம்பது கிலோமீட்டர் கூட வராது. மரம் வெட்டி ஒதுக்கிய சாலையில் அன்றைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டேங்க் மூடியில் காற்று போவதற்கு ஒரு சின்னத் துளை இருக்கும். படுக்க வைத்தால் அதன் வழியாகப் பெட்ரோல் கசியும், கார்புரேட்டரிலிருந்தும் வழியும். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, தரையோடு தேங்கும். தார்ப்பாய்க்கு அடியில் தம்பி அதைத்தான் மூச்சாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். வீட்டு வாசலில் தார்ப்பாயை விலக்கியபோது அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தான். அம்மா அவனைத் திண்ணையில் படுக்க வைத்து விசிறினார். அட்டைப்பெட்டி பெட்ரோலில் நனைந்து கிடந்தது, பக்கத்திலேயே, சூடு ஆறுவதற்குள் ஏற்றிய சைலன்ஸர். டிரைவர் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி பீடி குடித்ததாகத் தம்பி பிறகு சொன்னான். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஜெனரேட்டர் ஓடவில்லை. ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தால் பாதியில் பாறை மாதிரி நின்றது. டிரைவருடன் வந்த பையன் முழு பலத்தோடு இழுத்ததில் கயிறும் அறுந்தது.

கடைக்குப் போன் செய்தோம். "படுக்க வச்சது டிரைவர், வண்டி எங்களோடது இல்லை." டிரைவரைக் கேட்டால், "கடையில சொன்னபடிதாண்ணே ஏத்தினேன்." மறுநாள் அப்பா நேரில் போனார். அவர்கள் ஒரு தாளை எடுத்துக் காட்டினார்கள். 'சரக்கை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்', கீழே தம்பியின் கையெழுத்து. ஏற்றுவதற்கு முன்பே, "அப்புறம் நேரம் இருக்காது தம்பி, இப்பவே போட்டுடுங்க" என்று வாங்கி வைத்திருக்கிறார்கள். பில் என்று தந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, டெலிவரிக்கு வாங்கிய பணம் அதில் இல்லை. வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் இல்லை. அப்பா வெறுங்கையோடு திரும்பினார். ஏமாந்தோம் என்பதைவிட, நான்கு வீட்டுப் பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதுதான் அவரை அரித்தது.

பட்டுக்கோட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணன் பார்த்துக் கொடுத்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றியதும் உள்ளேயிருந்து கறுப்பாக எண்ணெய் பீய்ச்சி அடித்தது. எஞ்சினுக்கு அடியில் நிற்க வேண்டிய ஒரு லிட்டர் ஆயில், படுக்க வைத்ததில் சிலிண்டருக்குள்ளும் ஏர் ஃபில்டருக்குள்ளும் ஏறிவிட்டது. திரவத்தைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, அதனால்தான் கயிறு நின்றிருக்கிறது. "செல்ஃப் ஸ்டார்ட் இருந்து அதை அழுத்திக்கிட்டே இருந்திருந்தா கனெக்டிங் ராடே வளைஞ்சிருக்கலாம்" என்றார். கயிற்று ஸ்டார்ட்டர், ஏர் ஃபில்டர், பிளக், ஆயில் எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் புஷ் இரண்டு கிழிந்திருந்தன. நான்காயிரத்துச் சொச்சம் செலவு.

திருப்பி எடுத்து வரும்போது அவரே நின்று ஏற்றிவிட்டார். எனக்கு அன்றைக்குத்தான் இந்த வேலையே புரிந்தது. முதலில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டார். அதில் கார்புரேட்டர் காலியாகிவிடும். எஞ்சின் ஆறியதும் டேங்கில் இருந்ததையும் இரும்பு கேனில் இறக்கிவிட்டார். சைலன்ஸரில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் தூக்கவே விட்டார். பலகையைச் சாய்வாகப் போட்டு நான்கு பேர், ஜெனரேட்டர் நிமிர்ந்தபடியே. அடியில் பழைய ரப்பர் ஷீட். கேபினை ஒட்டி நிறுத்தி, நான்கு மூலையிலும் இரும்புச் சட்டத்தில் மட்டும் பட்டை பெல்ட் போட்டு எதிரெதிர் மூலைக்கு இழுத்துக் கட்டினார். கைப்பிடியிலோ டேங்கிலோ கட்டவே கூடாதாம். ஐந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி பெல்ட் தளர்ந்திருக்கிறதா பார்க்கச் சொன்னார். தளர்ந்துதான் இருந்தது. பின்னால் யாரையும் உட்கார விடவில்லை. வீட்டில் இறக்கியதும் சமதளத்தில் வைத்து, ஆயில் அளவு பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தோம். இரண்டாவது இழுப்பில் ஓடியது.

இதைச் செய்ய அவருக்கு அரை மணி நேரம்தான் ஆனது. அந்த அரை மணி நேரத்தைத்தான், அதற்கென்று காசும் வாங்கிக்கொண்டு, கடைக்காரர்கள் எங்களுக்குத் தரவில்லை.

இப்போது வாங்கப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேளுங்கள். டெலிவரிப் பணம் அதில் தனி வரியாக இருக்க வேண்டும். ஏற்றியதை வண்டியில் போனில் படம் எடுங்கள். வீட்டில் இறக்கி ஓடவிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன் கேட்டால் போடாதீர்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. தகராறு என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இது தெரியாமல், ஒரு துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

அடுத்த வாரம் சித்தப்பா வீட்டுக்கு ஒன்று வாங்குகிறார்கள். தம்பிதான் கூடப் போகிறான். கட்டுவதற்கு நான்கு பெல்ட்டை இப்போதே எடுத்து வைத்துவிட்டான். திரும்பும்போது டிரைவர் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வர வேண்டும் என்று அம்மா அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.