58,500 ரூபாய்க்கு யாரோ தேய்ச்சுப் போட்ட லேப்டாப்: கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி படிச்சிட்டுப் போங்க

ஆத்திரம் ஆறிடுச்சுன்னா எழுதாம விட்டுருவேன், அதனால இப்பவே உக்காந்துட்டேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. எடை குறைஞ்ச லேப்டாப் ஒண்ணு, 60,000-க்குள்ள, புதுசா வேணும். நான் கேட்டது அவ்வளவுதான். ஏலச்சீட்டு எடுத்த காசுல 58,500 ரூபாய் கொடுத்துட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தது, யாரோ ஒரு வருஷத்துக்கு மேல தட்டின பழைய பீஸ். அதுவும் கடையில நான் கையில தூக்கிப் பாத்த மாடலே கிடையாது. நடந்ததை முதல்ல சொல்லிடறேன். கடைசில எப்படிப் பாத்து வாங்கணும்னு விவரமா எழுதறேன்.

கடை பேரைப் போடல. புகார் போயிட்டு இருக்கு, பேர் போட்டா அதையே பிடிச்சுக்குவாங்கன்னு எங்க ஆடிட்டர் சார் சொல்லிட்டாரு. கோயமுத்தூர்ல மெயின் ரோட்டு மேல, எல்லா பிராண்டும் வெச்சு விக்கிற ஷோரூம். கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ள நுழைஞ்சதும் மோர் கொடுக்கறாங்க. சந்துக்குள்ள செகண்ட்ஸ் விக்கிற கடைன்னு நினைச்சுராதீங்க. அந்த மாதிரிக் கடைக்காரங்க 'பழசு'ன்னு சொல்லித்தான் விக்கிறாங்க.

எனக்கு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. பல்லடம், அவிநாசி, திருப்பூர்னு கிளையன்ட் இடத்துக்கே போய் கணக்குப் பாக்கணும். பழைய லேப்டாப் 15.6 இஞ்ச், 2.2 கிலோ, சார்ஜர் தனி. பஸ்ல நின்னுக்கிட்டே அதைத் தோள்ல மாட்டிட்டுப் போய், இப்ப வலது கையைத் தூக்கி ஜடை போட முடியறதில்ல. அதனாலதான் எடை, எடைன்னு அலைஞ்சேன். மேக்புக் ஏர் 1.24 கிலோதான். விலையை விடுங்க, கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேர் விண்டோஸ்லதானே ஓடும். அப்புறம் டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கன் குத்தறதுக்குப் பழைய யுஎஸ்பி ஓட்டை ஒண்ணாவது வேணும். மெலிசா வர்ற சில மாடல்ல டைப்-சி மட்டும்தான் இருக்கு. இதெல்லாம் டைரில எழுதி எடுத்துட்டுத்தான் போனேன்.

எனக்கு வித்த அந்தக் கடைப் பையனைப் பத்தித்தான் முதல்ல சொல்லணும். இருபத்தஞ்சு வயசு இருக்கும். "உக்காருங்கக்கா, என்ன வேலைக்குன்னு சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்"னான். எடுத்ததும் எதையும் தலையில கட்டப் பாக்கல. 72,000 ரூபாய் மாடல் ஒண்ணை நானே கை காட்டினேன். "டேலிக்கும் எக்செலுக்கும் அது எதுக்குக்கா, காசு தண்டம்"னான். இன்னொண்ணைக் காட்டி, "இதுல இருக்கற புராசசர் ரைசன் 5 7520யூ. பேர்ல 7000 இருக்குன்னு புதுசுன்னு நினைச்சுக்குவாங்க. மூணாவது எண் 2 இருக்கு பாருங்க, உள்ள இருக்கறது ஜென் 2-ங்கற பழைய டிசைன். 7530யூன்னா ஜென் 3"ன்னான். 8 ஜிபி ரேம் போதுமான்னு கேட்டதுக்கு, "இந்த மெலிசு மாடல்ல ரேமை போர்டுலயே ஒட்டி வெச்சிருப்பாங்கக்கா, பின்னாடி ஏத்த முடியாது, இப்பவே 16 எடுத்துருங்க"ன்னான். வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன். அத்தனையும் உண்மை. அதுதாங்க வயிறு எரியுது. நாலு உண்மையை வரிசையா சொல்லிட்டு அஞ்சாவதாப் பொய்யை வெச்சான்.

டிஸ்பிளேல இருந்த 14 இஞ்ச் பீஸை எடுத்து, "ஒரு கையில தூக்குங்கக்கா"ன்னு கொடுத்தான். மெட்டல் பாடி, ஐ5-1335யூ புராசசர், 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, 1.25 கிலோ. தூக்கினதுமே தோள்வலி போன மாதிரி இருந்துச்சு. "இதையே கொடுத்துருங்க"ன்னேன். "இது டெமோ பீஸ்க்கா, நூறு பேர் கை பட்டது, உங்களுக்கு எதுக்கு? குடோன்ல இருந்து சீல் பீஸ் வரும். விண்டோஸ், ஆபீஸ், ஆன்டிவைரஸ் எல்லாம் நாங்களே போட்டு வைக்கறோம். சாயந்திரம் வந்து வாங்கிக்கங்க, அக்காக்கு எதுக்கு அலைச்சல்"னான். 58,500-ஐயும் அங்கயே ஜிபே பண்ணினேன்.

'நாங்களே போட்டுத் தர்றோம்'ங்கறதுல என்ன சூட்சுமம்னா, புது லேப்டாப்பை முதல் தடவை ஆன் பண்ணினா எந்த நாடு, எந்த மொழின்னு வரிசையாக் கேக்கும். எல்லாத்தையும் கடையிலயே முடிச்சுக் கொடுத்துட்டா, அது இன்னிக்கு ஆன் ஆச்சா, போன வருஷம் ஆன் ஆச்சான்னு நமக்கு எப்படித் தெரியும்? சாயந்திரம் போனா பெட்டி ரெடி, ஓசியா ஒரு மவுஸ், ஒரு பை. கனமா இருக்கேன்னு அங்கயே கேட்டேன். "பெட்டியோட தூக்கறீங்கல்லக்கா"ன்னு சிரிச்சான்.

பல்லடத்துல ஒரு மில்லுல ஸ்டாக் பாத்துட்டு இருந்தப்ப, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே சார்ஜ் தீந்துபோச்சு. முழுசா ஏத்திட்டுத்தான் போயிருந்தேன். அங்க கம்ப்யூட்டர் பாத்துக்கற தம்பி, "புதுசுன்னு சொல்றீங்க, என்னங்கக்கா இது"ன்னு சொல்லிட்டு பேட்டரி ரிப்போர்ட் எடுத்தான். விண்டோஸ்லயே இருக்கற வசதிதானாம். பேட்டரி புதுசா இருந்தப்ப கொள்ளளவு 50 வாட்-ஹவர், இப்ப ஏறுறது 36. சைக்கிள் கவுண்ட் 287. அதாவது முழுசா ஏத்தி இறக்கினது 287 தடவை. புராசசர் 1335யூ இல்ல, 1235யூ, ஒரு தலைமுறை பழசு. மேல ஒட்டியிருக்கற ஐ5 ஸ்டிக்கர் மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அடியில இருக்கற சீரியல் நம்பரை அந்தக் கம்பெனி தளத்துல போட்டா, வாரண்டி போன வருஷமே ஆரம்பிச்சு முடிஞ்சும் போச்சுன்னு வருது. பெட்டி மேல இருக்கற நம்பர் வேற, லேப்டாப் அடியில இருக்கற நம்பர் வேற.

திரும்பி வர்ற வழியில எங்க தெரு மளிகைக் கடைத் தராசுல வெச்சேன். 1 கிலோ 610 கிராம். அண்ணாச்சி துவரம்பருப்புப் பாக்கெட்டை எடுத்துட்டு இடம் கொடுத்தாரு. அவர் தராசு பொய் சொல்லல. அதே சீரிஸ் பேர்ல பிளாஸ்டிக் பாடியில ஒரு மலிவு மாடல் வருதாம், அதைத்தான் என் தலையில கட்டியிருக்காங்க.

இனிமேல்தான் கூத்து. போன் பண்ணினா அதே பையன், "பேட்டரி புதுசுல அப்படித்தான் காட்டும் மேடம், நாலஞ்சு தடவை ஃபுல் சார்ஜ் போடுங்க, சரியாயிரும்"னான். அப்ப 287 எங்கிருந்து வந்துச்சு? "அது சாஃப்ட்வேர் எர்ரர் மேடம்." எடை? "விளம்பரத்துல போடற எடை பேட்டரி இல்லாம மேடம்." பேட்டரியைக் கழட்டி வெச்சுட்டு யாருங்க லேப்டாப் தூக்கிட்டுப் போறாங்க? நேர்ல போனா மேனேஜர் வந்தாரு. "பெட்டி மாறிருச்சு போல, குடோன் பசங்க வேலை, ஓனர் சபரிமலை போயிருக்காரு, வந்ததும் பேசறோம்"னாரு. ஓனர் மலையிலிருந்து இறங்கின பாடில்ல. மோரும் கொடுக்கல.

கம்பெனி சர்வீஸ் சென்டர்ல இருந்த அம்மா நல்லபடியாப் பேசினாங்க. பில்லுல சீரியல் நம்பர் இருந்தா வாரண்டித் தேதியை மாத்தக் கேட்டு எழுதலாம்னாங்க. பில்லை எடுத்துப் பாத்தா '14 இஞ்ச் லேப்டாப் ஐ5, எச்எஸ்என் 8471' (வரிக்கான பொருள் குறியீடு), அவ்வளவுதான். சீரியல் நம்பர் கட்டத்துல ஒரு கோடு. ஆனா 18 சதவீதம் வரி, 8,923 ரூபாய் 73 பைசா, பைசா சுத்தமா வாங்கியிருக்காங்க. நம்பரை எழுதிக் கொடுங்கன்னு திரும்பக் கடைக்குப் போனேன். கேஷ்ல இருக்கறவர் சொல்றாரு, "ஜிஎஸ்டி ஃபைல் பண்ணியாச்சு மேடம், இனி பில்லுல கை வைக்க முடியாது"ன்னு. என்கிட்டயே! தினமும் ஜிஎஸ்டிஆர்-1, அதான் விற்பனைக் கணக்கு ரிட்டர்ன், போடறவ நான். என்னை மாதிரி தனி ஆளுக்கு உள்ளூர்ல வித்ததை அதுல மொத்தத் தொகையாத்தான் காட்டுவாங்க, சீரியல் நம்பருக்கு அதுல இடமே கிடையாது. இதைச் சொன்னதும் அவர் போனை எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டாரு. ரிங் வந்த சத்தம் எனக்குக் கேக்கல.

கடைசியா மேனேஜர் ஒரு 'வழி' சொன்னாரு. அவங்களே அந்த லேப்டாப்பை 31,000-க்குத் திரும்ப எடுத்துக்குவாங்களாம், பழசுதானே, அதுக்கு மேல போகாதாம். விக்கறப்ப புதுசு, வாங்கறப்ப பழசு. 58,500 கொடுத்த எனக்கு 31,000. என் கண் முன்னாடியே கால்குலேட்டர்ல தட்டிக் காட்டினாரு.

பில்லுக்குப் பின்னாடி 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'ன்னு அச்சடிச்சிருக்காங்க. அதைக் காட்டித்தான் எல்லாரையும் அனுப்பிட்டு இருக்காங்கபோல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுத்துப் பணம் கொடுக்க மறுக்கறதே முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் பதிஞ்சாச்சு. அதுல அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், இ-ஜாக்ரிதி தளத்துல வீட்டுல இருந்தே போடலாம். பேட்டரி ரிப்போர்ட், ரெண்டு சீரியல் நம்பர் போட்டோ, தராசு போட்டோ எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன்.

எப்படிப் பாத்து வாங்கணும்னு விவரமா எழுதறேன்னு சொல்லியிருந்தேன். இப்ப மனசு ஓடல, தோணறதை மட்டும் சொல்லிடறேன். பெட்டி சீலை உங்க கண் முன்னாடி உடைக்கச் சொல்லுங்க, முதல் தடவை நீங்களே ஆன் பண்ணுங்க. பெட்டி மேல, லேப்டாப் அடியில, பில்லுல இருக்கற சீரியல் நம்பர் மூணும் ஒண்ணா இருந்தாத்தான் காசு. சீரியல் நம்பரைக் கடையிலயே நின்னு கம்பெனி தளத்துல போட்டுப் பாருங்க. ஐ5-ன்னு மட்டும் சொன்னா விடாதீங்க, பின்னாடி வர்ற எண் முழுசையும் எழுதி வாங்குங்க. எடையைச் சார்ஜரோட கேளுங்க. 'டிஸ்பிளே பீஸ் வேற, குடோன்ல இருந்து வரும், சாயந்திரம் வாங்க'ன்னு சொன்னா, காசு கொடுக்காம சாயந்திரம் வரைக்கும் அங்கயே சேர் போட்டு உக்காருங்க.

இதே கோயமுத்தூர்ல, இதே மாதிரி மோர் குடிச்சிட்டு ஏமாந்தவங்க யாராவது இருந்தா பில்லோட எனக்கு எழுதுங்க. நாலு பேர் சேந்தா சேத்தே புகார் போட்டுரலாம். 58,500 ரூபாய்ங்க. 31,000 வாங்கிட்டு நான் வாயை மூடறதா இல்ல.