பழைய கிட்டாருக்குப் புதுப் படம்: என்.சி.யா, பி.யூ.வா, அரக்கா?

பரண்மேல் கிடந்த அகூஸ்டிக் கிட்டாரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதில் ஏற்காட்டு மலையையோ காட்டெருதையோ ஏர்பிரஷ்ஷில் வரைய ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரில் எந்தப் பெயின்ட் அடித்தாலும் சத்தம் பெரிதாக மாறாது. அகூஸ்டிக்கில் பாடுவதே மேல்பலகைதான். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதன்மேல் ஏறும் பூச்சு தடிக்கத் தடிக்கச் சத்தம் அமுங்கும். அதனால் எது பளபளக்கிறது என்பதைவிட எது மெலிசாக நிற்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

பழைய பூச்சை முழுக்கச் சுரண்டுவதா, அதன் மேலேயே வரைவதா? இது அந்தப் பூச்சு என்ன என்பதைப் பொறுத்தது. கம்பியை முறுக்கும் டியூனர் ஒன்றைக் கழற்றினால் அதன் வாஷருக்கு அடியில் கண்ணுக்குப் படாத கொஞ்சம் இடம் கிடைக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அங்கே வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. லாக்கர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. இரண்டுக்கும் மசியாவிட்டால் பாலியூரித்தேன் (பி.யூ.) அல்லது பாலியஸ்டர். இந்தக் கடைசி வகை, விரிசல் இல்லாமல் உறுதியாக ஒட்டியிருந்தால், அதைச் சுரண்டவே வேண்டாம். 400, அப்புறம் 600 நம்பர் வாட்டர் பேப்பரில் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்தால் போதும். சுரண்டுவதில் ஆபத்தும் உண்டு. ஹீட் கன் பிடித்தால், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் பசையும் உள்ளே இருக்கும் சட்டங்களின் பசையும் இளகும். பெயின்ட் ரிமூவர் ஓரத்து பிளாஸ்டிக் பைண்டிங்கைக் கரைத்துவிடும். பிளைவுட் கிட்டாராக இருந்தால் மேலே உள்ள அழகு மரம் காகிதம் மாதிரி இருக்கும், நாலு இழுப்பில் ஓட்டை விழும்.

படத்தை எங்கே வைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: பின்பலகை, பக்கங்கள். பின்பக்கம் வாசிப்பவரின் உடம்பில் சாய்ந்து ஏற்கெனவே அமுங்கித்தான் இருக்கிறது, நாலு பூச்சு கூடினால் நஷ்டமில்லை.

யார் வரைவது? சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று லாரி பாடி கட்டும் ஊர்கள் சேலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்தப் பெயின்டர்களின் கைச்சுத்தத்துக்கு நான் ரசிகன். கோடு இழுத்தால் அசையாது. ஆனால் அவர்கள் பழகிய வேலை தகரத்தில், வெயில் மழை தாங்கும் தடிமனில். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, 1.4 மில்லிமீட்டர் நாசில் உள்ள ஸ்பிரே கன்னால் அடிப்பார்கள். ஏர்பிரஷ்ஷின் நாசில் 0.3 மில்லிமீட்டர், 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மூடுபனியின் ஓரத்தைக் கரைத்துக்காட்டும். எனவே படத்தை ஏர்பிரஷ் கையிடம் கொடுங்கள், மேலே அடிக்கும் கிளியரை, அதாவது நிறமில்லாத மேல்பூச்சை, பட்டறையிடம் கொடுங்கள். கொடுக்கும்போது "பட்டி வேண்டாம், ரெண்டு கோட்டுக்கு மேல வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். முன்னால் யாராவது சிலிகான் பாலிஷ் போட்டுத் துடைத்திருந்தால் பெயின்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி மீன்கண் விழும். தேய்ப்பதற்கு முன்பே வேக்ஸ் ரிமூவரால் துடைக்க வேண்டும்.

இனி மேல்பூச்சு. பெரிய தப்பு நடப்பது இங்கேதான்.

அரக்கு, அதாவது பிரெஞ்சு பாலிஷ், மூன்றிலும் மெலிசு. கிளாசிக்கல் கிட்டார் செய்பவர்கள் இன்றும் விடாமல் பிடித்திருப்பது அதைத்தான். படம் வரையாத வெறும் மர மேல்பலகைக்கு என் ஓட்டு இதற்கே. ஆனால் படத்தின் மேல் வேண்டாம். ஸ்பிரிட் நனைத்த துணியால் தேய்த்துத் தேய்த்துப் போடுவது அது. அக்ரிலிக் வண்ணம் ஸ்பிரிட்டுக்கு இளகி இழுபடும். சேலத்து வியர்வையையும் அது தாங்காது.

என்.சி. லாக்கரில் ஒவ்வொரு கோட்டும் முந்தியதைக் கரைத்து ஒன்றாகிவிடும். பின்னால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். குறை என்னவென்றால், வருஷங்கள் போகப்போக மஞ்சளாகும். அந்தி வானம், காப்பிப் பழச் சிவப்பு, மிளகுக்கொடியின் கரும்பச்சை என்றால் அந்த மஞ்சள் அழகைக் கூட்டும். வெள்ளைப் பனியும் வெளிர்நீல ஏரியும் வரைந்திருந்தால் வெள்ளை அழுக்காகும், நீலம் பச்சை தட்டும்.

அந்த மாதிரிப் படத்துக்கு மஞ்சளாகாத இரண்டு பாக பி.யூ. கிளியர்தான் சரி. வியர்வை, உரசல் எல்லாம் தாங்கும். ஆனால் அதில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது, ஆஸ்துமா வரை கொண்டுபோகும். வீட்டு மொட்டைமாடியில் அடிக்கவே கூடாது. காற்றோட்டமும் சரியான சுவாசக் கவசமும் உள்ள பட்டறையில் மட்டும்.

மலையிலா, கீழேயா? ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அக்டோபர், நவம்பரில் மூடுபனிக்குள் லாக்கர் அடித்தால், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் உட்கார்ந்துகொள்ளும். வரைந்ததெல்லாம் பால் படிந்தாற்போல் வெளுக்கும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்து மெல்லிய ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் மீளும். கீழே சேலத்தின் சித்திரை வெயிலில் கதை தலைகீழ்: பெயின்ட் நாசில் நுனியிலேயே காய்ந்து அடைக்கும், பலகையில் விழுவது பொடிப்பொடியாக விழும். என் தேர்வு சேலம், ஜனவரி பிப்ரவரி, காலை 9 மணிக்கு மேல். மலைவீட்டுக் கிட்டாரைக் கீழே கொண்டுவந்தால் ஒரு வாரமாவது சும்மா வைத்திருங்கள். ஈரம் இறங்கி மரம் சுருங்கி முடிந்தபின் வேலையைத் தொடங்கலாம்.

ஸ்ட்ரிங் கட்ட பி.யூ.வுக்கு ஒரு வாரம் போதும். என்.சி.க்கு மூன்று நாலு வாரம். பரப்பில் மூக்கை வைத்துப் பாருங்கள். தின்னர் வாசனை இருக்கும்வரை ஸ்ட்ரிங்கும் வேண்டாம், பளபளப்பேற்றும் காம்பவுண்டு போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். என்.சி. கிட்டாரை ரப்பர் வைத்த ஸ்டாண்டில் மட்டும் நிறுத்தாதீர்கள், ரப்பர் பட்ட இடம் உருகித் தடம் விழும். பருத்தித்துணி சுற்றிவிட்டால் போதும்.