இறக்கை நுனிக்குள் விஓஆர் ஆண்டெனா: பல வருடம் பறந்த பிறகு சொல்வது

எங்களுடையது ஆர்வி-7 என்ற, நாமே கட்டிக்கொள்ளும் சிறு விமானம். பெட்டி பெட்டியாக வந்த கிட்டை நானும் மச்சானும் சேர்ந்து ரிவெட் அடித்து எழுப்பினோம். பதிவெழுத்து இசட்யூவில் தொடங்கும். தென்னாப்பிரிக்காவில் வீட்டில் கட்டிய விமானங்களுக்கு அதுதான் வழக்கம். டர்பன் விர்ஜினியா விமான நிலையத்தில், கடலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கடல் பக்கம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விஓஆர் (தரை நிலையத்தின் சிக்னலை வைத்துத் திசை காட்டும் ரேடியோ வழிகாட்டி), ஐஎல்எஸ் (ஓடுபாதையில் இறங்க வழிகாட்டும் ரேடியோ அமைப்பு) இரண்டுக்குமான ஆண்டெனாவை இடது இறக்கை நுனிக்குள் வைத்தோம். விமானத்தின் உடல் அலுமினியம் என்றாலும் நுனி ஃபைபர் கிளாஸ், ரேடியோ அலைக்கு அது தடையில்லை. விஓஆர் அலை கிடைமட்டமாக வருவது, ஆண்டெனாவும் நுனிக்குள் படுத்தபடியே இருப்பது, இரண்டும் பொருந்திப் போகிறது. வெளியே பூனை மீசை மாதிரி எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. ஹேங்கரில் யாரும் இடித்து வளைக்கவும் முடியாது. ஆண்டெனாவைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. தலைவலி முழுக்க அதே நுனிக்குள் குடியிருக்கும் விளக்கால்தான்.

முதலில் பழைய செனான் ஸ்ட்ரோப் இருந்தது. அது மின்னும்போது ஹெட்செட்டில் லேசாக ஒரு 'டிக்' கேட்கும், அவ்வளவுதான். அப்புறம் எடையும் மின்சாரமும் குறையும் என்று எல்இடி விளக்குக்கு மாறினோம். கம்பெனி பெயர் வேண்டாம், விலை ஒன்றும் குறைவில்லை. மாட்டிய அன்றே தெரிந்துவிட்டது. எஞ்சின் ஓடவில்லை, பேட்டரி மட்டும் ஆன். விஓஆர் நிலையத்தின் மோர்ஸ் அடையாளம் தெளிவாகக் கேட்கிறது. விளக்கு ஸ்விட்ச்சைத் தட்டினால் ஈரச் சட்டியில் எண்ணெய் விட்ட மாதிரி ஒரு இரைச்சல் எழுந்து மோர்ஸை விழுங்கிவிடுகிறது. விஓஆர் கருவியின் முள் இரண்டு பக்கமும் தள்ளாடி, கொஞ்ச நேரத்தில் 'நம்பாதே' என்கிற கொடி வந்து நிற்கிறது. ஸ்விட்ச்சை அணைத்தால் எல்லாம் பழையபடி.

காரணம் எளிது. எல்இடிக்குத் தேவையான மின்னோட்டத்தை ஒரு சின்ன சர்க்யூட் நொடிக்குப் பல லட்சம் தடவை ஆன்-ஆஃப் செய்து கொடுக்கிறது. அந்த வெட்டின் மேலதிர்வுகள், அதாவது அதன் மடங்குகளில் எழும் அலைகள், நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் போகும். விஓஆரும் லோக்கலைசரும் (ஐஎல்எஸ்ஸில் இடம்-வலம் காட்டும் பகுதி) இருப்பது 108 முதல் 117.95 மெகாஹெர்ட்ஸ் வரை, எஃப்எம் வானொலிக்கு அடுத்த வீடு. அந்த அலையின் கால் நீளம் சுமார் 66 சென்டிமீட்டர். இறக்கையின் கடைசி ரிப்பிலிருந்து (குறுக்குச் சட்டம்) விளக்கு வரை தொங்கும் ஒயரும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆக, நாம் கேட்காமலே அது இன்னொரு ஆண்டெனாவாகி, உண்மையான ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிறது.

இதற்கு நான் நாடியது டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் ஒரு அண்ணனை. ரேடியோ ரிப்பேரிலேயே தலை நரைத்தவர். நான் ஷீல்டு ஒயர், ஃபில்டர் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் நுனியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, மின்சாரம் போற வழி தெரியுது. திரும்பி வர்ற வழி எங்க?" என்றார்.

அதுதான் விஷயம். பாசிட்டிவ் ஒயர் தனியாகப் போகிறது. நெகட்டிவ் பக்கத்திலிருக்கும் ரிப்பில் எர்த் ஆகிவிடுகிறது. மின்னோட்டம் இறக்கைத் தகடு வழியாக அதற்குப் பிடித்த பாதையில் திரும்புகிறது. போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு பெரிய வளையம். இரைச்சலைப் பரப்புவதே அந்த வளையம்தான்.

நாங்கள் செய்தவற்றை, பலன் கொடுத்த வரிசையிலேயே சொல்கிறேன். நெகட்டிவையும் தனி ஒயராக எடுத்து, பாசிட்டிவோடு இறுக முறுக்கி, பேனலுக்குப் பின்னால் இருக்கும் பொது எர்த் வரை கொண்டுபோனோம். பாதிக்கு மேல் அதிலேயே அடங்கிவிட்டது. அடுத்து, நுனிக்குள் தொங்கிய பகுதியை ஆண்டெனாவின் எர்த் ஆன தகட்டு விளிம்போடு ஒட்டவைத்துக் கட்டினோம். அப்புறம் விளக்குக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபெரைட் வளையம், இரண்டு ஒயரும் சேர்ந்தே அதன் வழியாகப் போகும்படி. ஃபெரைட்டிலும் ரகம் இருக்கிறது. இந்த அலைவரிசைக்கு 43 என்ற கலவை சரி. கம்ப்யூட்டர் கேபிளில் இருந்து கழற்றிய ஏதோ ஒன்றை மாட்டிவிட்டு 'ஃபெரைட் வேலை செய்யவில்லை' என்று சொல்லக் கூடாது.

கடையில் விற்கும் பெரிய டப்பா ஃபில்டரும் ஒன்று வாங்கினோம். அது ஆல்டர்னேட்டர் ஊளையை ஹெட்செட்டில் குறைக்க வந்தது. ஆண்டெனா வழியாக நுழையும் சத்தத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இப்போது மச்சானின் பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், இருக்கிறது.

ஷீல்டு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில்தான் ஆளுக்கொரு வேதம். ஆடியோ ஒயரின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். ஆண்டெனாவின் கோஆக்ஸில் (ஆண்டெனாவை ரேடியோவோடு இணைக்கும் கேபிள்) ஷீல்டு இரண்டு முனையிலும் இணைந்திருக்க வேண்டும், அங்கே அதுதான் திரும்பும் வழி. இரண்டையும் ஒரே விதியில் அடைக்கப் பார்ப்பதால்தான் சண்டை. கோஆக்ஸுக்கு நாங்கள் போட்டது இரட்டைப் பின்னல் உள்ள ஆர்ஜி-400. ஆர்ஜி-58ஐ விட விலை அதிகம், ஆனால் இறக்கைக்குள் ஒரு தடவை இழுத்தால் மறுபடி யார் இழுப்பது?

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது விமானத்தை ஹேங்கரை விட்டு வெளியே தள்ளிவிடுங்கள். லோட் ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் பக்கத்து ஹேங்கர்களில் ஓடும் இன்வெர்ட்டர்கள் போடும் சத்தமே போதும், உங்களைக் குழப்ப. எஞ்சினை நிறுத்தி, ரேடியோவின் இரைச்சலை அடக்கிவைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து, ஒவ்வொரு கருவிக்கும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இழுங்கள். எஞ்சின் ஓடினால்தான் வருகிறது என்றால் சந்தேகம் மேக்னிட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுப்பது), ஆல்டர்னேட்டர் பக்கம் போக வேண்டும். காதில் ஒன்றுமில்லை, முள் மட்டும் ஆடுகிறது, ஆர்பிஎம்மைக் கொஞ்சம் மாற்றினால் நின்றுவிடுகிறது என்றால் அது மின்சாரக் கோளாறே இல்லை. புரொப்பெல்லர் சுற்று சிக்னலை வெட்டுவதால் விஓஆர் முள் 6 டிகிரி வரைகூட ஆடும். ஒரு ஒயரைக்கூடத் தொட வேண்டாம்.

இனி கடல். வேலை முடிந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த அமைப்பில் இரண்டொரு வருடம் கழித்து இரைச்சல் மெல்லத் தலைகாட்டியது. திடீரென்று வரவில்லை, அதனால் பழகிப்போய்க் கவனிக்காமல் இருப்பதும் சுலபம். நுனியைத் திறந்தால் ஆண்டெனா தகட்டை இறக்கையோடு சேர்க்கும் ஸ்குரூக்களைச் சுற்றி வெள்ளைப் பொடி. உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்று எர்த் இணைப்பைக் கெடுத்திருக்கிறது. கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே சீலன்ட் பூசியதும் சரியாகிவிட்டது. வறண்ட ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவாக இருக்கும். நாங்கள் பறக்கும் அனுமதியைப் புதுப்பிக்கும் வருடாந்தரப் பரிசோதனையிலேயே இதையும் சேர்த்துக்கொள்கிறோம்.

ஜிபிஎஸ் இருக்க இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு: அதன் சிக்னல் இன்னும் பலவீனமானது, 1575.42 மெகாஹெர்ட்ஸ். உங்கள் சொந்த ரேடியோவே அதைக் கெடுக்கலாம். 121.2 சுற்றுவட்டாரத்தின் 13வது மடங்கும் 131.3 சுற்றுவட்டாரத்தின் 12வது மடங்கும் ஏறத்தாழ அங்கேதான் விழுகின்றன. அந்த அலைவரிசைகளில் கொஞ்ச நேரம் மைக்கை அழுத்திக்கொண்டு ஜிபிஎஸ் விழுகிறதா என்று தரையிலேயே பாருங்கள். எங்களுடையது விழவில்லை. விழவைத்தது சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மலிவு யூஎஸ்பி சார்ஜர். அதைக் குப்பையில் போட்டாயிற்று.

குறை என்றால் ஒன்றுதான்: ஆண்டெனா ஒரே நுனியில் இருப்பதால் வலது பக்கம் தூரத்தில் உள்ள நிலையம், இறக்கை சாய்ந்த திருப்பத்தில் சற்று மங்கும். நேராக்கினால் வந்துவிடும். கிளைடு ஸ்லோப்பையும் (ஐஎல்எஸ்ஸில் இறங்கும் சரிவைக் காட்டும் பகுதி) இதே ஆண்டெனாவிலிருந்து ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்திருக்கிறோம். 110ஐ மூன்றால் பெருக்கினால் 330, அந்தக் கணக்கில் இந்த ஆண்டெனா அங்கேயும் வேலை செய்கிறது. டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்து ஐஎல்எஸ்ஸில் இரண்டு முள்ளும் விளக்குகள் எல்லாம் எரியும்போதே அசையாமல் நிற்கின்றன. வலது நுனி விளக்குக்கு இன்னும் பழைய ஒயரிங்தான். அங்கே ஆண்டெனா இல்லாததால் அவசரமில்லை, அடுத்த பரிசோதனையில் மாற்றிவிடலாம் என்கிறார் மச்சான்.