மலைமேல் ஸ்கீ-கோல்ஃப் கிளப் வீடு: பத்திரம் உங்கள் பேரில், மற்றதெல்லாம் அவர்கள் கையில்

டென்வர் பக்கம் வேலை பார்க்கும் நம்ம ஆட்கள் சிலருக்குக் கொஞ்ச நாளாக ஓர் அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. மலைமேல் ஒரு தனியார் கிளப். குளிர்காலத்தில் ஸ்கீ என்கிற பனிச்சறுக்கு, கோடையில் கோல்ஃப். வாசலில் கேட், வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது. வார இறுதியில் வந்து இலவசமாகத் தங்குங்கள், பிடித்தால் வீடு வாங்குங்கள் என்கிறார்கள். கம்பெனிப் பங்கு விற்ற பணம் கையில் இருந்தால் யாருக்கும் ஆசை வரும். நாங்கள் அப்படி ஒரு கிளப்பில் கான்டோ என்கிற இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு வாங்கி, சில வருடம் வைத்திருந்து, போன வருடம் நஷ்டத்துக்கு விற்றோம். கிளப் மெம்பராகச் சேரக் கட்டிய டெபாசிட் இன்னும் அவர்களிடமே இருக்கிறது. கிளப்பின் பெயரை எழுதவில்லை. விற்றுவிட்டு வரும்போது கையெழுத்து வாங்கிய காகிதங்களில் ஒன்று அதற்காகவே இருக்கிறது. கொலராடோ என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். சனிக்கிழமை காலையில் ஐ-70 நெடுஞ்சாலையில் டென்வரிலிருந்து மேலே ஏறும் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். வெய்ல், பிரெக்கன்ரிட்ஜ் மாதிரி எல்லோரும் போகும் இடங்களில், சரிவின் மேலே ஏற்றிவிடும் ஸ்கீ லிஃப்டுக்கு வரிசை நிற்கும். கிளப்பில் வரிசையே கிடையாது. புதுப்பனி விழுந்த மறுநாள் மதியம்கூட யாரும் மிதிக்காத சரிவு மிச்சம் இருக்கும். கோடையில் கோல்ஃப் ஆடினால் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து சமவெளியில் போவதைவிடப் பத்து சதவீதம்போலக் கூடுதலாகப் பறக்கும். சுமாராக ஆடுகிறவனுக்கும் தான் பெரிய ஆள் என்ற நினைப்பு வந்துவிடும். இதெல்லாம் பொய்யில்லை.

ஆனால் கோல்ஃப் என்பது அங்கே ஜூனிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான். ஸ்கீ, நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. நடுவில் பனி உருகி ஊரே சேறாகக் கிடக்கும் வாரங்களில் சாப்பாட்டுக் கூடம் பூட்டிக் கிடக்கும், கிளப்பின் ஷட்டில் வண்டி ஓடாது, உடற்பயிற்சிக் கூடத்தில் பெயின்ட் அடிப்பார்கள். சந்தா மட்டும் பன்னிரண்டு மாதமும் ஓடும். அதோடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளப் உணவகத்தில் இவ்வளவுக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று ஒரு குறைந்தபட்சத் தொகை. சாப்பிடாவிட்டாலும் பில்லில் ஏறிவிடும்.

வாங்கும்போது யாரும் விளக்கிச் சொல்லாத விஷயம், உங்களுக்கு எதிரே மூன்று தனித்தனி அமைப்புகள் உட்கார்ந்திருக்கின்றன என்பது. ஒன்று, கட்டடத்தைப் பராமரிக்கும் எச்ஓஏ, அதாவது வீட்டுக்காரர்கள் சங்கம். அடுத்தது மெட்ரோ டிஸ்ட்ரிக்ட். கொலராடோவில் புதுக் குடியிருப்புகளில் இது சகஜம்: சாலை, தண்ணீர், சாக்கடை போட டெவலப்பர் ஒரு சிறப்பு மாவட்டத்தை ஏற்படுத்துவார், அது பாண்டு என்கிற கடன் பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கும், அந்தக் கடனை வீட்டுக்காரர்கள் சொத்துவரியோடு சேர்த்துக் கட்டித் தீர்க்க வேண்டும். கொலராடோவில் சொத்துவரி குறைவு என்று கேள்விப்பட்டு வருகிறவர்களுக்கு முதல் வரி பில் வரும்போதுதான் இது புரியும். மூன்றாவது கிளப். லிஃப்ட், கோல்ஃப் மைதானம், கிளப்ஹவுஸ், நீச்சல்குளம் எல்லாமே அதன் சொத்து. எங்கள் பத்திரத்தில் இருந்தது நாலு சுவரும் ஒரு பார்க்கிங்கும்தான். மற்றவை எல்லாம் அனுமதி. அந்த அனுமதியின் விதிகளைக் கிளப் தன் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று மெம்பர்ஷிப் பிளான் என்ற ஆவணத்தில் ஒரு வரி இருக்கிறது. எங்களுக்கு முதலில் கொடுத்தது வழவழப்பான இரண்டு பக்கச் சுருக்கம். முழு ஆவணம் வந்தது முன்பணம் கட்டி, வீட்டுக் கடனெல்லாம் ஏற்பாடாகி, கையெழுத்துப் போட மேசையில் உட்கார்ந்த அன்று.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இரண்டாவது லிஃப்ட் வரும் என்று விற்பனை அலுவலகத்துச் சுவரில் பெரிய வரைபடம் மாட்டியிருந்தார்கள். ஏஜெண்ட் விரலால் அந்தக் கோட்டைத் தடவிக் காட்டி, "அடுத்த சீசன்" என்றார். விலையும் அதற்கேற்றபடிதான். நாங்கள் விற்கும் வரை ஒரு தூண்கூட நடவில்லை. கேட்டதற்கு, அது 'உத்தேசம்' மட்டுமே என்று பதில் வந்தது. வாசலிலிருந்து சறுக்கிப் போகலாம் என்று சொல்லி விற்ற வீட்டிலிருந்து நாங்கள் ஸ்கீ பூட்ஸைப் போட்டுக்கொண்டு பனியில் நின்று ஷட்டிலுக்குக் காத்திருந்தோம்.

இது பரவாயில்லை. அம்மா அப்பா விஷயம்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாதது.

வாங்குவதற்கு முன் நான் மின்னஞ்சலில் தெளிவாகவே கேட்டிருந்தேன்: ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் மாதக்கணக்கில் தங்குவார்கள், அவர்கள் குடும்பத்தில் சேர்த்தியா? "நிச்சயமாக" என்று எழுதினார் விற்பனை மேலாளர். முதல் தடவை வந்தபோது பிரச்சினையே இல்லை. அப்பா காலையில் கிளப்ஹவுஸ் கணப்பு அருகே காபியோடு உட்கார்ந்து செல்போனில் பேப்பர் படிப்பார். சாயங்காலம் இருவரும் வெந்நீர்த் தொட்டியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த தடவை அவர்கள் வருவதற்குள் விதி மாறியிருந்தது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, 23 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகள். மற்ற எல்லோரும் விருந்தாளிகள். தலைக்கு நாள் கட்டணம். ஒரு சீசனில் ஒருவருக்கு 14 நாள்தான். வரவேற்பு மேசையில் இருந்த பெண் நல்ல மாதிரி, பாவம், அவரே சங்கடப்பட்டுக்கொண்டுதான் சொன்னார். அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும். திரும்பி நடக்கும்போது, "ஏம்ப்பா, வெந்நீரில கால நனைக்க நாள் வாடகையா? குற்றாலத்துல ஒரு பைசா வாங்க மாட்டானே" என்று சிரித்தார். அப்புறம் அந்தப் பயணம் முழுக்க அவர் கிளப்ஹவுஸ் பக்கமே போகவில்லை. விற்பனை மேலாளரின் மின்னஞ்சலை எடுத்துக் காட்டினேன். அவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம்; வாய்மொழியோ மின்னஞ்சலோ கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று பிளானிலேயே இருக்கிறதாம்.

அடுத்தது குளிர்காலக் காவல். நாம் கீழே டென்வரில் இருப்போம், வீடு மேலே உறைபனியில் இருக்கும். குழாய் உறைந்து வெடித்தால் வீட்டு இன்சூரன்ஸ் பொதுவாகக் கேட்கும் முதல் கேள்வி, வீட்டை வெதுவெதுப்பாக வைத்திருந்தீர்களா, இல்லை தண்ணீரை அடைத்துக் குழாயைக் காலி செய்தீர்களா என்பதுதான். அதனால் வாரம் ஒருமுறை ஆள் உள்ளே போய்ப் பார்க்கும் சேவை வேண்டியிருக்கும். கேட்டுக்குள் வர அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்றே ஒன்று. பில் கிளப்பின் தாளில்தான் வரும். ஒவ்வொரு செவ்வாயும் அறிக்கை ஒழுங்காக வந்தது: குழாய்கள் சரி, தெர்மோஸ்டாட் 55 டிகிரி ஃபாரன்ஹீட் சரி, சமையலறை சரி, கூடவே ஒரு படம்.

பிப்ரவரியில் கீழ் வீட்டுக்காரர் போன் செய்தார், அவர் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று. வீட்டைச் சூடாக வைக்கும் எங்கள் பாய்லர் எப்போதோ அணைந்துபோய், சமையலறைத் தொட்டிக்குப் பின்னால் வெளிச்சுவரில் ஓடிய குழாய் பிளந்திருந்தது. மரத்தரை அலைஅலையாக எழும்பிக் கிடந்தது. மனைவிக்குத்தான் சந்தேகம் வந்தது. அவள் அந்த அறிக்கைப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் மைக்ரோவேவ் கடிகாரம் 10:42 காட்டியது. ஜன்னல் வெளிச்சமும் ஒன்றேதான். ஒரே படத்தை வாராவாரம் அனுப்பியிருக்கிறார்கள். கதவில் மின்பூட்டு போட்டிருந்தோம். அதன் பதிவைத் திறந்து பார்த்தால் ஜனவரி முதல் வாரத்துக்குப் பிறகு யாருமே கதவைத் திறக்கவில்லை. கிளப்பிடம் போனால், அது தனி ஒப்பந்ததாரர், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வேறு யாரையும் கேட்டுக்குள் விடாமல் வைத்திருந்ததும் அவர்கள்தான்.

சரி, விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தால் அங்கேதான் பெரிய பூட்டு. மெம்பர்ஷிப் வீட்டோடு கட்டாயம், அதனால் வீடு விற்கும் வரை சந்தாவை நிறுத்த முடியாது. வாங்குபவர் புதிதாக டெபாசிட் கட்ட வேண்டும், கைமாற்றுக் கட்டணம் வேறு. அதே சமயம் டெவலப்பர் பக்கத்துச் சரிவில் போடும் புது மனைகளுக்கு டெபாசிட்டைத் தள்ளுபடி செய்து விற்கிறார். வீடு பார்க்க வருகிறவர்கள் எங்கள் பால்கனியில் நின்று நல்ல காட்சி என்று சொல்லிவிட்டு அங்கே போய் வாங்கினார்கள். டெபாசிட் 'முழுதாகத் திரும்பக் கிடைக்கும்' என்று சுருக்கத்தில் இருந்தது உண்மைதான். நாங்கள் வாங்கியபின் வந்த திருத்தத்தில் எப்படிக் கிடைக்கும் என்பது மாறிவிட்டது: நாலு புது மெம்பர்கள் பணம் கட்டிச் சேர்ந்தால்தான் விலகியவர்களில் ஒருவருக்குத் திரும்பும். தள்ளுபடியில் சேர்கிறவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். ஆக, டெவலப்பர் எவ்வளவு மனை விற்றாலும் எங்கள் வரிசை நகராது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். எச்ஓஏ-வுக்கு இருக்கிறது. உருவாக்கப்படக்கூடிய மொத்த வீடுகளில் 75 சதவீதம் விற்று 60 நாளுக்குள் டெவலப்பர் சங்கத்தின் கட்டுப்பாட்டை வீட்டுக்காரர்களிடம் விட வேண்டும் என்கிறது கொலராடோ சட்டம். புதுச் சரிவு, புது மனை என்று மொத்த எண்ணிக்கையை முதலிலேயே பெரிதாக எழுதி வைத்தவருக்கு அந்த 75 வெகுதூரம். மாநில அரசின் எச்ஓஏ தகவல் மையத்துக்கு எழுதினேன். புகாரைப் பதிவு செய்துகொள்வார்கள், நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. போதாக்குறைக்கு எங்கள் சண்டை கிளப்போடு. கிளப் எச்ஓஏ அல்ல.

இது ஏதோ சின்ன கிளப்பின் சில்லறைத்தனம் என்று நினைக்க வேண்டாம். இந்த வகையில் ஆகப் பெரிய பெயர் மான்டானாவின் எல்லோஸ்டோன் கிளப். உலகப் பணக்காரர்கள் வீடு வைத்திருக்கும் இடம். 2005-இல் கிரெடிட் சுவிஸ் வங்கியிடம் 37.5 கோடி டாலர் கடன் வாங்கி, அதில் பெரும்பகுதி நிறுவனர் டிம் பிளிக்செத் பக்கம் போனது. 2008 நவம்பரில் கிளப் திவால் மனு போட்டது. அதே வருடம் யூட்டாவின் பார்க் சிட்டியில் பிராமன்டரி கிளப்பும் திவால். ஐடஹோவின் தமராக் ரிசார்ட்டில் 2012-இல் ஒரு லிஃப்டையே வங்கி கழற்றிக்கொண்டு போனது. வெர்மான்ட்டில் ஹேஸ்டாக் மலையில் இருந்த ஹெர்மிடேஜ் கிளப்பை 2018-இல் வரிபாக்கிக்காக மாநில அரசே மூடியது. 2020-இல் உறுப்பினர்கள் சேர்ந்து ஏலத்தில் எடுத்துத்தான் மலையை மீட்டார்கள். எல்லோஸ்டோன் கைமாறி இப்போது செழிப்பாக இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இப்படித் திவாலாகும்போது அடமானம் வைத்துக் கடன் கொடுத்தவர்தான் முதலில் நிற்பார். ஈடு எதுவும் இல்லாமல் டெபாசிட் கட்டிய மெம்பர் கடைசி வரிசை.

போகிறவர்கள் போங்கள், இலவச வார இறுதி நன்றாகவே இருக்கும். ஆனால் வீடு என்ற பேச்சு எடுத்ததும் சுருக்கம் வேண்டாம், முழு மெம்பர்ஷிப் பிளானையும் இதுவரை வந்த எல்லாத் திருத்தங்களையும் கேளுங்கள். கொலராடோ வீட்டு ஒப்பந்தப் படிவத்தில் சங்கத்தின் ஆவணங்களைப் படித்துப் பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ள ஒரு கெடு உண்டு. எங்களுக்கு வந்த காகிதக் கட்டுக்குள் கிளப் ஆவணம் இல்லை. அதையும் அந்தக் கெடுவுக்குள் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். விலகியவர்களின் வரிசை எவ்வளவு நீளம், கடந்த ஆண்டு எத்தனை பேருக்குப் பணம் திரும்பியது என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அதுதான் பதில். மெட்ரோ டிஸ்ட்ரிக்டின் கடன் எவ்வளவு பாக்கி என்பதும், லிஃப்டுக்கும் மைதானத்துக்கும் அடியில் இருக்கும் நிலம் யாரிடம் அடமானம் என்பதும் பொது ஆவணத்திலேயே தேடலாம். ஒரு மணி நேர வக்கீல் கட்டணம் மலைமேல் ஒரு நாள் விருந்தாளிக் கட்டணத்தைவிட அதிகம்தான், கொடுத்துவிடுங்கள். ஏஜெண்ட் சிபாரிசு செய்யும் வக்கீல் வேண்டாம். விற்க வைத்திருக்கும் பழைய வீட்டுக்காரர் ஒருவரையாவது, ஏஜெண்ட் கூட இல்லாமல், தனியாகச் சந்தித்துப் பேசுங்கள்.

எங்கள் கதையில் ஒன்று மட்டும் முடிந்தது. காவல் நிறுவனத்தை, சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டுக்கு இழுத்தோம். கொலராடோவில் அங்கே 7,500 டாலர் வரை கேட்கலாம், வக்கீல் இல்லாமலே பேசலாம். மனைவி அந்தப் படங்களை வரிசையாக அச்சடித்து, மைக்ரோவேவ் கடிகாரத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பூட்டின் பதிவையும் சேர்த்துக் கொடுத்தாள். அவர்கள் பக்கம் வந்தவர் படம் 'மாதிரிக்கு' இணைக்கப்பட்டது என்றார். நீதிபதி அதற்கு மேல் அவரைப் பேச விடவில்லை. கட்டிய சேவைக் கட்டணமும், இன்சூரன்ஸ் போக எங்கள் கையிலிருந்து போன தொகையும் திரும்ப வந்தன. டெபாசிட் வரிசையில் எங்கள் எண் என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறேன். விலகியவர்களுக்கு அந்தத் தகவல் தருவதில்லை என்று பதில் வந்திருக்கிறது.