2006 ஆல்-ஸ்டார்: ரெட்மனா, ஹாஃப்னரா?

அமெரிக்க பேஸ்பாலில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டின் சிறந்த வீரர்களும் சீசன் நடுவில் மோதுவது ஆல்-ஸ்டார் ஆட்டம். 2006 ஜூலையில் பிட்ஸ்பர்க்கில் நடந்த அந்த ஆட்டத்துக்கான அமெரிக்கன் லீக் அணியில் கான்சஸ் சிட்டி அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) மார்க் ரெட்மனுக்கு இடம் கிடைத்தது. கிளீவ்லாந்து அணியின் டிராவிஸ் ஹாஃப்னருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

ரெட்மன் அந்த சீசனை 11 வெற்றி, 10 தோல்வியோடு முடித்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 5.71. நல்ல பிட்சருக்கு இது நான்குக்குக் கீழே இருக்கும். பிறகு எப்படித் தேர்வானார்? ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவராவது வர வேண்டும் என்பது விதி. கான்சஸ் சிட்டி அந்த ஆண்டு 100 ஆட்டங்களில் தோற்ற அணி. ரெட்மன் மேல் குற்றமில்லை, கூப்பிட்டார்கள், போனார்.

ஹாஃப்னரின் கணக்கே வேறு. ஆல்-ஸ்டார் இடைவேளைக்குள் ஐந்து கிராண்ட் ஸ்லாம்! அதற்கு முன் யாரும் செய்யாதது அது. கிராண்ட் ஸ்லாம் என்றால், மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது); ஒரே அடியில் நான்கு ரன். ஆகஸ்டில் ஆறாவதும் அடித்து, ஒரே சீசனில் ஆறு என்ற முன்னாள் வீரர் டான் மாட்டிங்லியின் சாதனையைச் சமன் செய்தார். செப்டம்பர் தொடக்கத்தில் பந்து பட்டுக் கை முறிந்தும், 129 ஆட்டங்களில் 42 ஹோம் ரன், 117 ரன் பேட்டட் இன் (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்).

அவர் ஃபீல்டிங் செய்யாத, பேட்டிங்குக்கு மட்டுமான வீரர். நேஷனல் லீக் மைதானத்தில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் அப்போது அந்த இடமே கிடையாது. அதே வகை வீரர்களான டேவிட் ஆர்டிஸும் ஜிம் தோமும் அணியில் இருந்தார்கள். இருந்தாலும் என் ஓட்டு ஹாஃப்னருக்கே. ஓய்வு பெறும்வரை ஒருமுறைகூட அவரை அழைக்கவில்லை.